மூட்டு, முள், முனகும் செயின்: சைக்கிள் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் வலியும் பஞ்சரும்தான் முன்னால் நிற்கின்றன. அவற்றையே முதலில் எடுத்துக்கொண்டோம். மற்றவை பின்னால்.

மூன்று மாதமாக வேலைக்குச் சைக்கிளில் போய்வருகிறேன். ஒரு வழி 8 கிலோமீட்டர். இப்போது முழங்கால் சில்லின் முன்பக்கம் வலிக்கிறது, படி இறங்கும்போது சுருக்கென்று குத்துகிறது. நின்றால் இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதியும்படிதான் சீட்டை வைத்திருக்கிறேன். சைக்கிளை விட்டுவிட வேண்டியதுதானா?

சைக்கிளை விட வேண்டாம், சீட்டை ஏற்றுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே இரு பாதமும் தரையில் பதிகிறது என்றால், பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மேல் மடங்குகிறது. அந்த மடக்கத்திலேயே அழுத்தி மிதிக்கிறீர்கள். 8 கிலோமீட்டருக்குள் ஒவ்வொரு காலும் ஆயிரத்தைந்நூறு முறைக்கு மேல் அப்படி மிதிக்கும். சில்லின் முன்பக்கம் வலிப்பதற்கு அதுவே போதும்.

சரியான உயரம் காண இப்படிச் செய்யுங்கள். தினமும் போட்டுக்கொள்ளும் செருப்போ ஷூவோ அதையே அணிந்து, சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுசாக நீள வேண்டும். அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. இப்போது குதிகாலுக்குப் பதிலாக முன்பாதத்தை வைத்தால் முழங்காலில் 25 முதல் 30 டிகிரி வரை லேசான மடக்கம் கிடைக்கும். அதுதான் வேண்டிய அளவு.

கணக்கு போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே சீட் மாதிரி மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். கால் அளவு 78 சென்டிமீட்டர் என்றால் சுமார் 69. பந்தயச் சைக்கிள்காரர்கள் கொண்டுவந்த கணக்கு இது. நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்தாலும் குற்றமில்லை.

உங்கள் சீட் நான்கைந்து சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கலாம். ஒரே நாளில் அவ்வளவும் ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 5 மில்லிமீட்டர் வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் சீட் கம்பியில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கம்பியில் இதற்குமேல் ஏற்றாதே என்று ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அது வெளியே தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். மீறினால் ஃப்ரேம் விரிசல் விடும், இல்லை கம்பி வளையும். அளவு தாண்டிவிட்டதா என்பதை உடம்பே காட்டும். முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ, பின்னால் வருகிறவர் பார்க்கும்போது உங்கள் இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ ஏற்றியது அதிகம்.

அப்புறம் சிக்னலில் எப்படி நிற்பது? சீட்டில் உட்கார்ந்தபடியே நிற்க வேண்டும் என்று நினைப்பதால்தான் பாதிப்பேர் சீட்டைத் தாழ்த்துகிறார்கள். நிற்கும்போது பிரேக் பிடித்துக்கொண்டே ஒரு பெடலில் எழுந்து, சீட்டை விட்டு முன்னால் நகர்ந்து, மற்ற காலை ஊன்றுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

கியர் இல்லாத வண்டி என்றால் இதையும் பாருங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும் வண்டியில் ஃப்ரீவீலை 20 பல்லுக்கு மாற்றினால் மிதி பத்தில் ஒரு பங்கு இலகுவாகும். கிளம்பும்போதும் மேட்டிலும் முழங்காலுக்கு அது பெரிய நிம்மதி. சீட்டைச் சரிசெய்து மூன்று வாரமாகியும் வலி இருந்தால், அல்லது மூட்டு வீங்கியிருந்தால், எங்களை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர், மூன்றும் பின்சக்கரத்தில். டியூபைக்கூட மாற்றியாகிவிட்டது. என்னதான் காரணம்?

டியூபை மாற்றியிருக்கிறீர்கள், முள்ளை மாற்றவில்லை. அநேகமாக அது இன்னும் டயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தமுறை டயரைக் கழற்றும்போது டியூபை உருவி எறியாதீர்கள். டயரின் பக்கவாட்டில் எந்த எழுத்து வால்வுக்கு நேராக இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டியூபில் காற்றடித்து, வழக்கமான பருமனைவிட ஒன்றரை மடங்கு உப்பவிட்டு, கன்னத்துக்கருகே மெல்லச் சுற்றுங்கள். காது பிடிக்காத கசிவையும் கன்னம் பிடித்துவிடும். அதிலும் தட்டுப்படாவிட்டால் தண்ணீர்த் தொட்டி இருக்கவே இருக்கிறது. ஓட்டை கிடைத்ததும் வால்வை அந்த எழுத்துக்கு நேராக வைத்து, டியூபை டயர்மேல் படுக்க வையுங்கள். முள் இருக்கும் இடம் ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கிவிடும். டியூப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மறந்திருந்தால் வால்வுக்கு இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

அந்த இடத்தில் டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தடவாதீர்கள். கண்ணாடிச் சில்லாக இருந்தால் விரல் போகும். பஞ்சையோ பழைய பனியன் துணியையோ வைத்து இழுத்தால், முனை நீட்டியிருக்கும் இடத்தில் நூல் மாட்டும். பெரிய வாகனங்களின் டயருக்குள் இருக்கும் எஃகு நூல் அறுந்து சாலையில் கிடக்கும். முடி பருமன்தான். டயருக்குள் ஏறிவிட்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. டயரை உட்புறம் வெளியே வருமாறு மடித்து வெளிச்சத்தில் பார்த்தால் முனை மினுங்கும். இடுக்கியால் பிடுங்க வேண்டும், உள்ளிருந்து வெளியே தள்ள முயலக் கூடாது.

ஓட்டையின் உருவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வெளிப்புறத்தில் ஒற்றை ஓட்டை என்றால் முள், கண்ணாடி, கம்பி. பாம்பு கொத்தினாற்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால், காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் இறங்கியபோது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் பார்த்த ஓட்டையானால், ஸ்போக்ஸ் முனைகளை மூடும் ரிம் பட்டை நகர்ந்திருக்கிறது. வால்வின் அடியில் கிழிசல் என்றால் காற்றுக்குறைவால் டயரும் டியூபும் ரிம்மில் மெல்ல நழுவி வால்வைச் சாய்த்திருக்கின்றன. அந்த டியூபை ஒட்ட முடியாது.

ஒட்டும் முறையில் எல்லோரும் செய்யும் பிழை அவசரம். ஓட்டையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடாமல் பெரிய கூட்டல் குறி போடுங்கள். தேய்த்த பிறகும் கோட்டின் முனைகள் மிச்சமிருந்து நடுவைக் காட்டும். உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை, பேட்ச்சைவிடச் சற்று அகலமாகத் தேயுங்கள். டியூப் வார்த்த தடத்தின் மேடு அங்கே இருந்தால் அதையும் தேய்த்துச் சமமாக்க வேண்டும், இல்லையேல் அந்த மேட்டின் ஓரமாகவே காற்று ஒழுகும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, 5 நிமிடம் சும்மா இருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால்தான் பிடிக்கும் என்பது சாதாரணப் பசைக்குப் பொருந்தும். இதில் கரைப்பான் ஆவியாகிப் போன பிறகே பேட்ச்சின் அடிப்பக்க ரப்பரோடு அது சேர்ந்து இறுகும். விரல்முதுகால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. அதன்பின் பேட்ச்சை வைத்து, நடுவிலிருந்து விளிம்புக்குக் கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். மேலே இருக்கும் மெல்லிய காகிதத்தை உரிக்கிறேன் என்று விளிம்பைக் கிளப்பிவிட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

மாட்டும்போது டியூபில் அதன் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். டயரின் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி இரு கட்டைவிரலாலும் உள்ளே தள்ளிக்கொண்டே வால்வில் வந்து முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுகும். உடனே டயர் லீவரைத் தேடாதீர்கள். புதிதாக ஒட்டிய டியூபில் அடுத்த ஓட்டையைப் போடுவது பெரும்பாலும் அந்த லீவர்தான். ஏற்கெனவே உள்ளே போன பகுதியை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டு வந்தால் கடைசிப் பகுதி தளர்ந்து தானே ஏறும்.

ஓட்டையே இல்லாமல் இரவில் காற்று இறங்குகிறதா? வால்வு வாயில் எச்சில் தடவிப் பாருங்கள். குமிழ் விட்டால், பழைய பாணி வால்வில் உள்ளிருக்கும் சிறு ரப்பர்க் குழாய் நைந்துவிட்டது; அதை மட்டும் மாற்றினால் போதும்.

டயரில் 65 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது. அவ்வளவும் அடிக்க வேண்டுமா? கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் போதாதா?

பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்தத்தின் அலகு. போட்டிருப்பது உச்ச அளவு. அது வரை போகலாம் என்று அர்த்தமே தவிர, போயே தீர வேண்டும் என்பதல்ல. 37 மில்லிமீட்டர் அகல டயர், 70 கிலோ எடையுள்ளவர் என்றால் முன்னால் 40 முதல் 45, பின்னால் 50 முதல் 55 வரை வைத்துத் தொடங்கிப் பாருங்கள். எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் விழுவதால்தான் இந்த வித்தியாசம். டயர் அகலமாக ஆக அழுத்தம் குறைய வேண்டும். 50 மில்லிமீட்டர் டயருக்கு 35 சுமாரே போதும். கல்போல் அடித்தால் வேகம் கூடும் என்பது கரடுமுரடான சாலையில் பொய். டயர் அமுங்காமல் வண்டி முழுவதும் துள்ளும், மிதித்த சக்தி அந்தத் துள்ளலில் போகும்.

கட்டைவிரல் 30-க்கும் 45-க்கும் வித்தியாசம் சொல்லும். 45-க்கும் 60-க்கும் சொல்லாது. அளவுமானி உள்ள பம்பு ஒன்று இருந்தால் வாரம் ஒருமுறை இரண்டு நிமிட வேலை. டியூப் ரப்பர் வழியாகவே காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் என்பதால், ஓட்டாமல் நிறுத்திய வண்டிக்கும் காற்று தேவை.

இதோடு சேர்ந்த ஒரு குழப்பம்: 26 அங்குல டயர் எல்லாம் ஒன்றல்ல. பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் இரண்டு எண் இருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். 26 அங்குலம் என்ற பெயரில் 559-ம் உண்டு, 590-ம் உண்டு. ஒன்று மற்றதன் ரிம்மில் ஏறாது. வாங்கும்போது அந்த இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொள்ள முடியுமா? சின்ன வயதில் யாரும் கற்றுத்தரவில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயமும், யாராவது பார்ப்பார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது.

தாராளமாக முடியும். உங்களுக்குத் தெரியாதது பெடல் மிதிப்பது அல்ல, சாயும் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பிச் சமாளிப்பதுதான். எனவே பெடலை முதலில் கழற்றிவிடுங்கள்.

15 எண் ஸ்பேனர் வேண்டும். வலது பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு மரையைத் தின்றவர்கள் ஏராளம். சீட்டை இரு பாதமும் தட்டையாகப் பதியும்வரை தாழ்த்துங்கள். (மேலே ஒருவரை ஏற்றச் சொன்னோமே என்று பார்க்காதீர்கள். இது பத்து நாளைக்கு மட்டும்.)

புல்தரை வேண்டாம், அது சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். ஆள் நடமாட்டமில்லாத, வழவழப்பான, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சரிவுள்ள இடம் வேண்டும். உட்கார்ந்து முதலில் நடங்கள். கூடவே இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்து நிற்கப் பழகுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி இறங்கிவிடும். பிறகு இரண்டு காலாலும் சேர்த்து உந்துங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். உந்தல் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் இரு காலும் காற்றில் தொங்க, வண்டி தானாக உருண்டுகொண்டிருக்கும். நான்கைந்து விநாடிதான். அந்த விநாடிகளில் சிரிக்காதவரை நாங்கள் பார்த்ததில்லை.

சாய்ந்த பக்கமே திருப்ப வேண்டும் என்பதை மட்டும் நம்புங்கள். இடப்பக்கம் விழப்போகிறீர்கள் என்றால் ஹேண்டில்பார் இடப்பக்கம் போக வேண்டும். அப்போது சக்கரம் உங்கள் எடைக்கு அடியில் வந்து தாங்கும். ஓடும் சைக்கிள் தானே நிமிர்ந்து நிற்பதும் இதனால்தான். சுழலும் சக்கரத்தின் விசைதான் தாங்குகிறது என்று நீண்டகாலம் சொல்லிவந்தார்கள். அந்த விசையை ரத்துசெய்யும்படி அமைத்த ஒரு சோதனைச் சைக்கிளும் ஆளில்லாமல் விழாமல் ஓடியதை 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பத்து மீட்டர் உருள வந்ததும் ஒரு பெடலை மாட்டி அதில் கால் வைத்தபடி உருளுங்கள். அடுத்த நாள் இரண்டாவது. கிளம்பும்போது மிதிக்கும் பெடல் முன்னால் சற்று மேலே, கடிகாரத்தில் இரண்டு மணி காட்டும் இடத்தில் இருக்கட்டும். துணைக்கு வருகிறவர் ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கூடாது, உங்கள் தோளை லேசாகத் தொட்டால் போதும். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பிள்ளைகளும் முதலில் ஒரு காலை ஊன்றித் தள்ளித் தள்ளித்தான் பழகினார்கள். நீங்கள் கொஞ்சம் கௌரவமாகச் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

வாராவாரம் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். ஆனாலும் கறுப்பாகப் பிசுபிசுத்து, கரகரவென்று சத்தம்.

விடுவது அதிகம், துடைப்பது இல்லை. செயினுக்கு எண்ணெய் வேண்டியது உருளைகளுக்கும் பின்களுக்கும் உள்ளே. வெளியே நிற்கும் எண்ணெய் தூசியைப் பிடித்து அரம்போல் ஆகி, செயினையும் பல்லையும் தின்கிறது.

பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், துணி கறுப்பதை நிறுத்தும்வரை. காய்ந்ததும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு. ஒரு முழுச்சுற்று விட்டு, இருபது முறை பெடலைச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை உலரத் துடையுங்கள். கையால் தொட்டால் லேசாகத்தான் மினுமினுக்க வேண்டும். சமையலறை எண்ணெய் சில நாளில் பிசினாகிவிடும். துரு நீக்கும் தெளிப்பு எண்ணெய் சுத்தம் செய்ய உதவும், ஆனால் மசகாக நிற்காது.

தேய்மானத்தையும் பாருங்கள். செயினின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். 24 கண்ணிக்கு, ஒரு பின்னின் நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடுவரை, சரியாக 12 அங்குலம். அங்குல ஸ்கேலை வைத்து அளந்து, 12-ஐத் தாண்டிப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பின்பல்லும் தேய்ந்திருக்கும். புதுச்செயின் மட்டும் போட்டால் மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது பல்லைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும். கியர் இல்லாத வண்டியில் தளர்ச்சி, நடுவில் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் சுமார் இருக்கட்டும். பின்சக்கரத்தை இழுத்து இறுக்கும்போது இரண்டு பக்க நட்டும் ஒரே அளவு நகர வேண்டும். சக்கரம் கோணினால் பிரேக் கட்டையும் ஒரு பக்கம் உரசும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம். கடையில் பேரிங் போய்விட்டது என்கிறார்கள்.

இருக்கலாம். ஆனால் அங்கே கடைசியாகப் போங்கள். சீட்டிலிருந்து எழுந்து மிதித்தால் சத்தம் நிற்கிறதா? அப்படியென்றால் சீட் கம்பியோ சீட் நட்டோதான். ஒரே காலால் மிதிக்கும்போது மட்டும் வந்தால் அந்தப் பக்கப் பெடல். கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, இறுக்குங்கள். பெடலை ஆறு மணி நிலையில் வைத்துக் கிராங்கை உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள். அந்தக் கிராங்க் மட்டும் ஆடினால் அதை அச்சில் பிடித்திருக்கும் காட்டர் பின்னோ, புதிய வண்டியில் கிராங்க் போல்ட்டோ தளர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் கிராங்கின் துளை உருண்டு, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இரண்டு கிராங்கும் சேர்ந்தாற்போல் ஆடினால்தான் பேரிங் பேச்சு.

மழையில் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. காய்ந்த நாளில் கீச்சென்று கத்துகிறது.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் நனைந்ததும் முதல் சில சுற்று தண்ணீரை வழிப்பதற்கே போய்விடும். அதனால் நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்து வழித்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். அலுமினிய ரிம் சமாளிக்கும். பளபளக்கும் எஃகு ரிம் மழையில் ஏமாற்றிவிடும். அதில் முன்னால் போகும் வண்டியோடு விடும் இடைவெளியை இரட்டிப்பாக்காமல் ஓட்டாதீர்கள். இரும்பு மூடி, சாலையில் அடித்த வெள்ளைக்கோடு, ஈர இலை இவற்றின்மேல் திருப்பவும் கூடாது, பிரேக்கும் கூடாது. தேங்கிய நீருக்கடியில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது, சுற்றிப் போங்கள்.

கீச்சுக்கு: பிரேக் கட்டை ரிம்மில் படும்போது முன்முனை முதலில் தொட வேண்டும். கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் தடித்த அட்டையைச் செருகி, பிரேக்கைப் பிடித்தபடியே கட்டையின் நட்டை இறுக்கினால் அந்தச் சாய்வு கிடைத்துவிடும். கட்டையில் உலோகத் துணுக்கு பதிந்திருந்தால் ஊசியால் நெம்பி எடுங்கள், வழவழத்திருந்தால் உப்புத்தாளில் தேயுங்கள். டிஸ்க் பிரேக் கத்தினால் எண்ணெய் பட்டிருக்கும். தட்டை ஆல்கஹாலால் துடைக்கலாம். கட்டை எண்ணெய் குடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பின்பிரேக்கை மட்டும் நம்புகிறவர்களுக்கு: பிரேக் பிடித்ததும் எடை முன்னால் வந்துவிடுவதால் வண்டியை உண்மையில் நிறுத்துவது முன்பிரேக்தான். இடுப்பைப் பின்னால் தள்ளி, கைகளை விறைத்துக்கொண்டு, படிப்படியாக அழுத்த வேண்டும். காலி மைதானத்தில் பத்து முறை பழகிப் பாருங்கள்.

வேலைக்குப் போய்ச் சேரும்போது சட்டை நனைந்துவிடுகிறது. 6 கிலோமீட்டர்தான்.

மெதுவாகப் போங்கள். சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் 24 நிமிடம், 18-இல் போனால் 20 நிமிடம். அந்த 4 நிமிடத்துக்காகக் காற்றை எதிர்த்துச் செலவாகும் திறன் 1.7 மடங்காகிறது, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப அது ஏறும். உடம்புச் சூடும் அதோடு ஏறும். கடைசி ஒரு கிலோமீட்டரை இன்னும் தளர்த்துங்கள், ஏனென்றால் காற்று வீசும்வரை காயும் வேர்வை, இறங்கி நின்றதும்தான் கொட்டும். முதுகுப்பையைக் கேரியருக்கு மாற்றினால் முதுகு தப்பிக்கும். பையைக் கேரியரின் பக்கவாட்டில் தாழத் தொங்கவிடுங்கள். மேலே கட்டினால் வண்டி திரும்பும்போது பாரம் இழுக்கும். குதிகால் பையில் இடிக்கிறதா என்று நின்றபடியே பெடலைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

21 கியர் வண்டி. நான் ஒரே கியரில்தான் ஓட்டுகிறேன். மற்றவை எதற்கு?

நிமிடத்துக்கு 70 சுற்று சுமாராகக் கால் சுழல்வதற்கு. மேடு, எதிர்காற்று, சுமை எது வந்தாலும் காலின் வேகம் மாறாமல் வண்டியின் வேகத்தை மாற்றிக்கொள்வதுதான் கியர். முன்னால் நடுத்தட்டில் செயினை வைத்துவிட்டு, பின்னால் இருக்கும் ஏழையும் பழகுங்கள். அன்றாடப் பயணத்துக்கு அதுவே போதும். மேடு தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு மாற்றுங்கள். மூச்சிரைக்க அழுத்தும்போது மாற்றினால் செயின் முறுகி இடையில் சிக்கும். மாற்றும் அந்த ஒரு விநாடி கால் சுழலட்டும், அழுத்தம் மட்டும் குறையட்டும். முன்னால் பெரிய தட்டு, பின்னால் பெரிய பல் என்று குறுக்காகப் போடாதீர்கள். சிக்னலில் நிற்கும் முன்பே இரண்டு கியர் இறக்கிவிட்டால் கிளம்பும்போது ஆடாமல் கிளம்பலாம்.

சாலையோரமாக ஒதுங்கியே போகிறேன். ஆனாலும் வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன.

ஒதுங்குவதால்தான் உரசுகின்றன. விளிம்பை ஒட்டிப் போனால் பின்னால் வருகிறவர் அதே தடத்தில் நுழைந்துவிடலாம் என்று நினைக்கிறார். சாலை விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் போங்கள். குழி வந்தால் விலக இடமும் இருக்கும். நிறுத்திவைத்த கார்களைத் தாண்டும்போது, திறக்கும் கதவு எட்டாத தூரத்தில், ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போக வேண்டும். இரண்டு காருக்கு நடுவே காலியிடம் என்று உள்ளே நுழைந்து மறுபடி வெளியே வருவது ஆபத்து.

நீளமான லாரியோ பஸ்ஸோ சிக்னலில் நிற்கும்போது அதற்கும் ஓரத்துக்கும் நடுவில் மட்டும் போய் நிற்காதீர்கள். திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநருக்கு நீங்கள் கண்ணாடியில்கூடத் தெரியமாட்டீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். வலமும் இடமும் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வண்டியை நேராக ஓட்டுவது தனிப்பயிற்சி; முகவாயைத் தோளுக்குக் கொண்டுபோங்கள், தோள் திரும்பினால் ஹேண்டில்பாரும் திரும்பிவிடும்.

பூட்டு எதில் போடுவது? முன்சக்கரத்திலா?

முன்சக்கரத்தில் மட்டும் போட்டால், திரும்பி வரும்போது முன்சக்கரம் மட்டும் இருக்கும். யு வடிவப் பூட்டைப் பின்சக்கரம், ஃப்ரேம், தரையில் ஊன்றிய கம்பி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பூட்டுக்குள் காலியிடம் குறைவாக இருந்தால் நெம்புகோல் நுழையாது. பூட்டு தரையில் படாமல் இருக்கட்டும், தரைமேல் வைத்துச் சுத்தியலால் அடிப்பது சுலபம்.

தினமும் 10 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். விடுமுறை நாளில் 50 கிலோமீட்டர் போக ஆசை. 25 தாண்டினால் உட்கார முடியவில்லை, சுண்டுவிரலும் மரத்துப்போகிறது.

கால் தயார், மற்றவை தயாரில்லை. சீட்டை மெத்தென்று மாற்றிவிடலாம் என்று போகாதீர்கள். மெத்தையில் எலும்பு புதைந்து, சுற்றியுள்ள தசையை அது நெருக்கும். அரை மணிக்குச் சுகம், இரண்டு மணிக்குச் சித்திரவதை. தாங்க வேண்டியவை அடியில் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகள். அட்டைப்பெட்டியின் நெளிவு அட்டைத் துண்டு ஒன்றைக் கெட்டியான மணைமேல் போட்டு, முழங்கால் சற்று உயர உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் பதிந்திருக்கும். நடுவிலிருந்து நடுவரை அளந்து, அதோடு 2 முதல் 3 சென்டிமீட்டர் கூட்டினால் சீட்டின் அகலம். சீட் மட்டமாக இருக்கட்டும். மூக்குப்பகுதி தாழ்ந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுவதையும் உள்ளங்கை வாங்கும். சுண்டுவிரல் மரப்பதும் அதனால்தான். உள்ளங்கையின் வெளியோரத்தில் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. சீட்டைச் சமன் செய்து, ஹேண்டில்பாரை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, பத்து நிமிடத்துக்கொருமுறை கைப்பிடியை மாற்றிப் பாருங்கள். பஞ்சு வைத்த கால்சட்டை அணிந்தால் உள்ளாடை வேண்டாம், அதன் தையல்தான் தோலை உரிக்கும்.

தூரத்தை வாரத்துக்கு 5 கிலோமீட்டர் வீதம் கூட்டுங்கள். 25 கிலோமீட்டரைத் தாண்டும் நாளில் பசிக்கும் முன்பே கொஞ்சம் சாப்பிட்டு, தாகம் எடுக்க எடுக்கத் தண்ணீர் குடியுங்கள். ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், பம்பு, சக்கரத்தின் நட்டுக்கு ஸ்பேனர் பையில் இருக்கட்டும். கிளம்பும் முன் மரக்கிளையைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துகொண்டு, போகும்போது அதை எதிர்த்துப் போகும்படி பாதையை வகுத்துக்கொள்ளுங்கள். முதல் 25 கிலோமீட்டர் முனகிக்கொண்டே போவீர்கள். திருப்பத்தில் வண்டியைத் திருப்பியதும் காதில் இரைந்துகொண்டிருந்த காற்றின் சத்தம் சட்டென்று நின்று, டயர் சாலையில் உருளும் ஓசை மட்டும் கேட்கும். அங்கிருந்து வீடுவரை இரண்டு கியர் கூட்டிப் போட்டுக்கொண்டு வரலாம்.